கடன் என்னும் சொல்: அமெரிக்க உயர்கல்விச் சட்டங்கள் பற்றி ஒரு திறனாய்வு

இலக்கியம் பேசும் ஏட்டிலே அயல்நாட்டுச் சட்டங்களைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். சட்டமும் சொற்களால் ஆகிய நூலே என்பது எமது விடை. அதற்கும் பாயிரம் உண்டு. அதிலும் மாந்தர் உளர். அதுவும் தான் தோன்றிய சமுதாயத்தின் வர்க்க உறவுகளைத் தன்னையறியாமலே வெளிப்படுத்தி நிற்கும். கவிதையை வரிவரியாகத் துருவி ஆராய்கின்ற நாம், கோடிக்கணக்கான இளைஞரின் வாழ்வை நிர்ணயிக்கும் நூலை மாத்திரம் சட்டத்தரணிகளுக்கும் கணக்காளருக்கும் விட்டுவிடுவது முறையன்று. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு, கல்லூரி மாணாக்கரின் உதவிக்கென 1944 முதல் இயற்றிவந்த சட்டங்களைத் தொடர்ச்சியான ஒரே நூலாகக் கொண்டு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வாறு படிப்பதற்கு எமது மொழியின் சொல்லொன்றே எமக்குத் துணையாகின்றது. தமிழிலே 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று கடமை, மற்றொன்று திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள். புறநானூற்றிலே பொன்முடியார் பாடியதாக வரும் பாட்டொன்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், ஈற்றிலே போர்க்களஞ் செல்லும் இளைஞனுக்கு ஒரு கடன் என்று அது வகுத்துச் சொல்லும். அப்பாட்டிலே இளைஞன் எவருக்கும் பணம் இறுக்கவேண்டியவன் அல்லன். அவனை உருவாக்கும் கடனைச் சமுதாயமே சுமந்து நிற்கின்றது. அமெரிக்கச் சட்டங்களின் எண்பதாண்டு வரலாற்றை ஒரு வசனத்திலே கூறுவதாயின், கடமை என்ற பொருளிலே தொடங்கிய கடன், இறுக்கவேண்டிய பணம் என்ற பொருளிலே வந்து முடிந்த கதை எனலாம்.

தொடக்கம் ஒரு போர்வீரர் சட்டம். 1944 ஜூன் 22 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கைச்சாத்திட்ட அச்சட்டம், போர் முடிந்து மீளும் வீரனது கல்லூரிக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டொலர் வரை அரசே செலுத்தும் என்றது. தனியனாயின் மாதம் 50 டொலரும், அவனை நம்பி வாழ்வோர் இருப்பின் 75 டொலரும் வாழ்க்கைச் செலவுக்கு வழங்கியது. அவன் எதனையும் திருப்பிச் செலுத்தவேண்டியதில்லை. இங்கே கடன்பட்டது அரசு. கடனைப் பெற உரித்துடையவன் மாணாக்கன். 1947 இல் அமெரிக்கக் கல்லூரிகளிற் பயின்றோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் முன்னாட் போர்வீரராக இருந்தனர். 1956 அளவில் 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தனர்; அவருள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிற் கற்றனர்.

இக்கொடை ஆளும் வர்க்கத்தின் பெருந்தன்மையிற் பிறந்ததன்று. முதலாம் உலகப் போரின் வீரர்கள் தமக்கு வாக்களிக்கப்பட்ட பணத்தைக் கேட்டு 1932 இல் வாஷிங்டனிலே கூடாரமடித்து நின்றதையும், படையை ஏவி அவர்களை விரட்ட நேர்ந்ததையும் ஆட்சியாளர் மறந்திருக்கவில்லை. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீரர் ஒருங்கே வேலையின்றித் திரும்புவராயின் என்ன நிகழும் என்ற அச்சமே சட்டத்தின் மறைவான பாயிரம். உயர்கல்வி உலகின் மேலோர் சிலரும் முகஞ் சுளித்தனர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் தங்குமடமாகிவிடும் என்று எச்சரித்தார். வந்து சேர்ந்த வீரர்களோ ஏனைய மாணாக்கருக்குச் சளைக்காது தேறிக் காட்டினர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஏறாது என்ற பழங்கதையை அவர்களே பொய்ப்பித்தனர்.

எனினும் அச்சட்டத்தின் மற்றொரு பக்கத்தை மறைத்துப் புகழ்தல் திறனாய்வாகாது. சட்டத்தின் எழுத்திலே நிறபேதம் இல்லை. நடைமுறையை உள்ளூர் அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஏற்பாட்டிலே அது இருந்தது. தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரருக்குக் கதவடைத்தன. கறுப்பினத்தவர்க்கென இருந்த சில கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. ஒரே போர்க்களத்தில் நின்ற இருவருள் ஒருவனுக்கு மாத்திரமே அரசு தன் கடனை முழுமையாக இறுத்தது.

அரசின் கடமை என்ற கருத்து போர்வீரரோடு முடிந்துவிட வேண்டியதில்லை என்று சிந்தித்தோரும் அன்று இருந்தனர். ஜனாதிபதி ட்றூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு, 1947 இல் வெளியிடத் தொடங்கிய அறிக்கையிலே, பாடசாலைக் கல்விக்கு மேலான முதல் இரண்டு ஆண்டுக் கல்லூரிக் கல்வியைக் கட்டணமின்றி எல்லோருக்கும் வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. இனமும் வருமானமும் கல்விக்குத் தடையாதல் கூடாதென்றும் அது வாதிட்டது. அமெரிக்கா எடுத்துக்கொள்ளாத பாதை அது. அவ்வறிக்கை நூலகங்களிலே உறங்கலாயிற்று.

அடுத்த சட்டம் பிறந்ததும் போரின் நிழலிலேதான். 1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. பதினொரு மாதங்கள் கழிந்து, 1958 செப்டெம்பரில், ஐசன்ஹோவர் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்திற் கைச்சாத்திட்டார். அதன் பெயரே பொருளைச் சொல்கிறது: கல்வி மனிதனுக்காக அன்று, பாதுகாப்புக்காக. மாணாக்கருக்கென மத்திய அரசின் பெருந்திட்டமாகக் கடன் என்பது பணம் என்ற பொருளிலே நுழைந்ததும் இச்சட்டத்தின் வழியாகவே. ஆண்டுக்கு 1,000 டொலர் வரை, மொத்தம் 5,000 டொலர் வரை, 3 வீத வட்டிக்குக் கடன். அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராகப் பணிபுரிவோருக்கு ஆண்டுக்குப் பத்திலொரு பங்காக, ஐந்தாண்டிலே அரைவாசிக் கடன் தள்ளுபடி செய்யப்படும். வட்டி இலகுவானது, ஆசிரியத் தொழிலுக்கு அளித்த மதிப்பும் போற்றத்தக்கது.

ஆயினும் கடன் கொடுப்பவன் வட்டியோடு மாத்திரம் அமைவதில்லை. விசுவாசப் பிரமாணத்துடன், அரசைப் பலாத்காரத்தாற் கவிழ்க்க எண்ணும் எந்த அமைப்பையும் தான் நம்புவதில்லை என்ற சத்தியக்கடதாசியையும் இச்சட்டம் மாணாக்கனிடம் கேட்டது. கமக்காரனும் முதலாளியும் அரசிடம் மானியம் பெறும்போது அவ்வாறு சத்தியஞ் செய்யவேண்டியிருக்கவில்லை. ஹார்வர்ட், யேல் ஆகிய பல்கலைக்கழகங்கள் 1959 இல் எதிர்ப்புத் தெரிவித்துத் திட்டத்திலிருந்து விலகின; 1962 இலே அந்தக் கடதாசி நீக்கப்பட்டது. செல்வம் மிக்க ஹார்வர்ட் மறுத்து நிற்கலாம். வறிய கல்லூரியின் வறிய மாணாக்கன் கையொப்பமிடாது என் செய்வான்? வறியவனின் மனச்சாட்சியே ஈடாக வைக்கப்பட்ட முதற் கடன் இதுவெனலாம்.

இந்நூலின் நடு அத்தியாயம் 1965 இன் உயர்கல்விச் சட்டம். ஜனாதிபதி ஜோன்சன் அதில் நவம்பர் 8 ஆம் திகதி கைச்சாத்திட்டது வெள்ளை மாளிகையில் அன்று. டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கஸ் என்னும் ஊரிலே தாம் படித்த ஆசிரியர் கல்லூரியிலேயாகும். 1928 இல் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவழிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் ஏழைகளாகையாற் கல்லூரி வாயில் அவர்க்கு அடைபட்டே கிடந்ததை அறிந்தபோது தாம் அடைந்த வேதனையை அன்றைய உரையிலே நினைவுகூர்ந்தார். வகுப்பறையின் பின்வாங்கிலே அமர்ந்திருக்கும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து இதே வேதனையை அனுபவித்திராத ஆசிரியர் எம்முள் எவர்? வியட்நாமிலே குண்டு பொழிந்த அதே கரம் இச்சட்டத்திற் கையொப்பமிட்டது என்பதை மறவாமலே, அன்று பேசிய ஆசிரியரின் நெஞ்சிலே உண்மை இருந்ததென்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆனால் நூலை மதிப்பிடுவது ஆசிரியரின் நெஞ்சைக்கொண்டன்று, நூலின் அமைப்பைக்கொண்டு. அச்சட்டத்தின் நான்காம் பகுதி மாணாக்கருக்கு மூன்று வழிகளைத் திறந்தது. வறியவர்க்குக் கொடை, படித்துக்கொண்டே உழைப்பவர்க்கு வேலை, நடுத்தர வர்க்கத்தார்க்கு அரசு உத்தரவாதமளிக்கும் வங்கிக் கடன். மூன்றாவது வழி கொள்கையினாற் பிறந்ததன்று. கல்லூரிக் கட்டணத்துக்கு வரிச்சலுகை கேட்ட பெற்றோரைச் சமாதானப்படுத்தவும், திறைசேரியின் வருமானம் குறையாமற் காக்கவும் கண்டெடுத்த உபாயம் அது. வங்கி கடன் கொடுக்கும். மாணாக்கன் தவறினால் அரசு இறுக்கும். மாணாக்கன் படிக்கும் காலத்து வட்டியையும் அரசே கட்டும். இலாபம் வங்கிக்கு, நட்டம் பொதுமக்களுக்கு. நூலின் ஓரத்திலே துணைப் பாத்திரமாக நுழைந்த இந்தக் கடன், பிற்காலத்திலே கதாநாயகனை வெளியேற்றி மேடை முழுவதையும் பிடித்துக்கொண்டது.

1972 இன் திருத்தங்களிலே ஒரு பெரிய வாதம் எழுந்தது. மத்திய அரசின் பணம் கல்லூரிக்குச் செல்லவேண்டுமா, மாணாக்கன் கைக்குச் செல்லவேண்டுமா? கல்லூரிகளுக்கு நேரே வழங்கவேண்டும் என்றார் ஒரிகன் மாநிலத்துப் பிரதிநிதி எடித் கிறீன் அம்மையார். மாணாக்கனுக்கே வழங்கவேண்டும் என்றார் ரோட் ஐலண்ட் செனற்றர் கிளேபோர்ன் பெல். பெல்லின் கட்சி வென்றது. அவர் பெயராலேயே பின்னர் வழங்கலான அடிப்படைக் கொடை அவ்வாறு பிறந்தது. வறிய மாணாக்கன் எக்கல்லூரி வாயிலிலும் தலைநிமிர்ந்து நிற்கும் உரிமையை அது தந்தது என்பது மெய். இலட்சக்கணக்கான தொழிலாளர் பிள்ளைகளும் கறுப்பின மாணாக்கரும் அதனாற் பட்டதாரிகளாயினர். ஆனால் அந்த வெற்றியினுள்ளே ஒரு தோல்வியும் ஒளிந்திருந்தது. பணம் மாணாக்கனோடு செல்லும்போது மாணாக்கன் வாடிக்கையாளனாகிறான், கல்லூரி கடையாகிறது. கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கும் பொறுப்பு கல்லூரிக்கும் இல்லை, அதனை நடத்தும் மாநிலத்துக்கும் இல்லை என்றாயிற்று. மாணாக்கர் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கிச் சந்தையைப் பெருக்குவதற்கென 'சாலி மே' என்ற நிறுவனம் அமைக்கப்பட்டதும் அதே சட்டத்திலேதான்.

இரப்போரின் நிலைக்கேற்ப ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களும் வேறுபடுவதைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இழிந்தோன் ஈ என்பான். ஒப்போன் தா என்பான். உயர்ந்தோன் கொடு என்பான். 1944 இன் வீரன் 'கொடு' என்று கேட்டான். 1972 இன் மாணாக்கனோ தன் குடும்பத்து வருமானத்தையும் சேமிப்பையும் படிவத்திலே நிரப்பித் தன் வறுமையை மெய்ப்பித்து 'ஈ' என்று கேட்கலானான். இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கொடைக்குரிய பணத்தைக் கொங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கித் தீரவேண்டும். ஒதுக்காவிடிற் கொடை சுருங்கும். கடனுக்கோ அத்தகைய தடை இல்லை. தகுதியுடையோர் கேட்குந்தோறும் அது ஓடும். ஒரு வாய்க்காலுக்கு மதகும் மற்றொன்றுக்குத் திறந்த வாயும் வைத்தால் நீர் எப்பக்கம் பாயும் என்பதைச் சொல்ல நீர்ப்பாசனம் கற்றிருக்கவேண்டியதில்லை.

அக்காலத்து அரசியலையும் இங்கே நோக்கவேண்டும். 1960களின் பல்கலைக்கழகங்கள் போரெதிர்ப்பின் களங்களாயிருந்தன. 1970 ஒக்டோபரில், நிக்சனுக்குக் கல்வி ஆலோசகராயிருந்தவரும் அப்போது கலிபோர்னியாவில் ரேகனின் தேர்தலுக்காக உழைத்தவருமான ரோஜர் பிறீமன் என்னும் பொருளியலாளர், படித்த பாட்டாளி வர்க்கமொன்று உருவாகும் ஆபத்தைக் குறிப்பிட்டு, அது வெடிமருந்தாகும் என்றும், உயர்கல்விக்கு யாரை விடுவது என்பதிலே தேர்ந்தெடுப்பு வேண்டும் என்றும் வெளிப்படையாகவே பேசினார். வர்க்கப் பகைவன் சில வேளைகளில் எமது நண்பர்களைக் காட்டிலும் தெளிவாகப் பேசிவிடுகிறான்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குச் சான்று. 1847 இல் இலவசக் கல்விக்கூடமாகத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்நகரத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் போதித்த நிலையம் அது. 1969 இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணாக்கர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1970 இல் நகரின் உயர்பாடசாலைகளிற் தேறிய எல்லோருக்கும் அதன் வாயில் திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகள்! 1976 இல் நகரத்தின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி அங்கே கட்டணம் விதித்தனர். வெள்ளையினத் தொழிலாளர் பிள்ளைகள் படித்தபோது கட்டுப்படியான இலவசக் கல்வி, கறுப்பினப் பிள்ளைகள் நுழைந்தவுடன் கட்டுப்படியாகாது போயிற்று.

இதன் பின்னான சட்டங்கள் ஒரே திசையிற் சென்றன. 1978 இல் கார்ட்டரின் ஆட்சி, கடனுக்கிருந்த வருமான எல்லையை நீக்கிற்று. 1980 இல் பெற்றோரின் தலையிலும் கடன் ஏற்றப்பட்டது. 1981 இல் ரேகனின் ஆட்சி உதவியை வெட்டிக் கடனுக்குக் கட்டணமும் விதித்தது. 1992 இல், படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் கடன் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1994 இல் சிறைக்கைதிகளுக்கான பெல் கொடை நிறுத்தப்பட்டது. அது 2023 இலேதான் முழுமையாக மீண்டது. 1970களின் நடுப்பகுதியிலே, அரசாங்க நாலாண்டுக் கல்லூரியிற் படித்து வாழும் செலவின் முக்காற்பங்குக்கு மேல் தாங்கிய பெல் கொடையின் உச்சத்தொகை, இன்று மூன்றிலொரு பங்கையும் எட்டுவதில்லை. 2023-24 கல்வியாண்டிலே அவ்வுச்சத்தொகை 7,395 டொலர். 2025-26 இலும் அதுவேதான். இடைவெளியை நிரப்புவது கடன். மத்திய அரசின் மாணாக்கர் கடன் இன்று ஏறத்தாழ 1.6 இலட்சம் கோடி டொலர். கடன்பட்டோர் நாலு கோடிக்கும் மேற்பட்டோர். பட்டம் பெற்று நான்காண்டு கழிந்தபின் கறுப்பினப் பட்டதாரியின் கடன் வெள்ளையினப் பட்டதாரியின் கடனைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1944 இன் அநீதி வேறு வேடத்திலே தொடர்கின்றது.

இந்நூலிலே மிகக் கொடிய பகுதி எது என்று எம்மைக் கேட்டால், வங்குரோத்துப் பற்றிய விதிகளையே சுட்டுவோம். வியாபாரி நொடித்துப்போனால் நீதிமன்றத்தை நாடிக் கடனிலிருந்து விடுபடலாம். முதலாளித்துவம் தன் பிள்ளைகளுக்குத் தந்திருக்கும் மன்னிப்பு அது. மாணாக்கனுக்கோ 1976 இன் சட்டம், இறுக்கத் தொடங்கி ஐந்தாண்டு செல்லும்வரை அம்மன்னிப்பை மறுத்தது. மாணாக்கர் கடன்களில் ஒரு வீதத்துக்கும் குறைவானவையே அவ்வாறு நீக்கப்பட்டதாக அக்காலத்து அரசாங்க ஆய்வொன்று கண்டிருந்தும் சட்டம் நிறைவேறிற்று. 1990 இல் ஐந்து ஏழாயிற்று. 1998 இல் கால எல்லையே நீக்கப்பட்டது. 2005 இல் தனியார் கடன்களுக்கும் அதே காப்பு அளிக்கப்பட்டது. தாங்கொணா இடர் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி விடுதலை இல்லை. 1991 இன் சட்டம் கடனை அறவிடும் காலவரையறையையும் நீக்கிற்று. முதியவரின் ஓய்வூதியத்தை மறித்துப் பழைய மாணாக்கர் கடனை அறவிடலாம் என்று 2005 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. இருபது வயதிற் கற்ற பாடத்துக்கு எழுபது வயதிலும் பணம்!

வாடிக்கையாளன் இருக்குமிடத்தே வியாபாரியும் வருவான். இலாபத்துக்கென நடத்தப்படும் கல்லூரிகள் இப்பணத்தைக் கண்டு பெருகின. வருமானத்தின் 90 வீதம் வரை மத்திய அரசின் மாணாக்கர் உதவியிலிருந்து பெறலாம் என்று 1998 இன் சட்டம் இடங்கொடுத்தது. போர்வீரரின் கல்விப்பணம் அந்தக் கணக்கிலே சேராதாகையால், அவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது இலாபமான தொழிலாயிற்று. 2021 இலேதான் அந்தத் துளை அடைக்கப்பட்டது. கொரிந்தியன் என்ற பெருங் கல்லூரி நிறுவனம் 2015 இல் வீழ்ந்தது. அதனிடம் ஏமாந்த ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் 580 கோடி டொலர் கடனை 2022 இல் அரசு நீக்கவேண்டி வந்தது. போர்வீரனுக்கு அரசு பட்ட கடன், ஈற்றிலே அவனை விற்றுப் பிழைப்போரின் மூலதனமாய் முடிந்தது.

சீர்திருத்தங்கள் நிகழவே இல்லை என்று நாம் கூறவில்லை. 2010 இல் வங்கிகள் இடைத்தரகராயிருந்த ஏற்பாடு ஒழிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஆனால் வங்கி போயிற்றேயன்றிக் கடன் போகவில்லை, அரசே வட்டிக்கடைக்காரனாயிற்று. பொதுச்சேவையில் பத்தாண்டு பணிபுரிவோரின் எஞ்சிய கடனை நீக்குவதாக 2007 இன் சட்டம் வாக்களித்தது. பத்தாண்டு கழிந்து ஆசிரியரும் தாதியரும் விண்ணப்பித்தபோது, முதலில் வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிராகரிக்கப்பட்டன. பின்னைய ஆண்டுகளிலேதான் அவ்வழி ஓரளவு திருத்தப்பட்டது.

2022 ஓகஸ்ற்றில் ஜனாதிபதி பைடன், கடன்பட்டோருக்குத் தலா 10,000 டொலர் வரையும், பெல் கொடை பெற்றிருந்தோருக்கு 20,000 டொலர் வரையும் நீக்குவதாக அறிவித்தார். அவர் ஆதாரமாகக் கொண்டது 2003 இல், ஈராக் போர்க்காலத்திலே இயற்றப்பட்ட சட்டம். நெருக்கடி நிலையில் மாணாக்கர் உதவி விதிகளை விலக்கவோ மாற்றியமைக்கவோ கல்வி அமைச்சருக்கு அது அதிகாரமளித்தது. 2023 ஜூன் 30 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஆறு நீதியரசருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் அத்திட்டத்தை முறித்தது. வழக்கின் நடுநாயகமான வினா ஒரு சொல்லாராய்ச்சியாகும்: மாற்றியமைத்தல் என்பதன் பொருள் எவ்வளவு தூரம் செல்லும்? சிறு திருத்தமே அச்சொல்லின் பொருள் என்றார் பிரதம நீதியரசர் றொபேட்ஸ். பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் நிலையை 'மாற்றியமைத்தது' என்று சொல்வதைப் போன்றதே அரசின் வாதம் என்று அவர் எள்ளினார். சட்டத்தின் சொற்களைப் பிரித்துப் பிரித்துப் படித்து முழுமையை இழக்கிறீர்கள் என்று மறுத்தெழுதினார் நீதியரசர் ககன். உரையாசிரியர் இருவரின் பூசலைப் படிப்பதுபோன்றே எமக்குத் தோன்றுகின்றது. ஆனால் கடன்பட்ட ஆசிரியை ஒருத்தியின் பத்தாயிரம் டொலரைப் பற்றிப் பேசுகையிலே பிரதம நீதியரசரின் நாவிற்குப் பிரபுக்களின் வீழ்ச்சி உவமையாக வந்து சேர்ந்ததை நாம் தற்செயலெனக் கொள்ளோம். உவமை சில வேளை உரையாசிரியரின் அச்சத்தையும் காட்டிவிடும்.

பெருந்தொற்றுக் காலத்திலே வியாபார நிலையங்களின் சம்பளப் பட்டியலுக்கென ஏறக்குறைய 80,000 கோடி டொலர் கடனாகக் கொடுக்கப்பட்டது. அதன் மிகப் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. அத்தள்ளுபடி சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பர். மெய்யே, எமது முறைப்பாடும் அதுதான். முதலாளிக்குச் சட்டம் இயற்றும்போது மன்னிப்பு முதற்பக்கத்திலேயே எழுதப்படுகின்றது. மாணாக்கனோ அதனை ஒரு வினைச்சொல்லின் இடுக்கிலே தேடவேண்டியிருக்கிறது.

கடைசி அத்தியாயம் 2025 ஜூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கைச்சாத்திட்ட சட்டம். பட்டப்பின் படிப்புக்குச் செலவு முழுவதையும் கடனாகப் பெறும் வழியை, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு அது மூடுகின்றது. பட்டப்பின் மாணாக்கருக்கு மொத்தம் 1,00,000 டொலர், மருத்துவம் சட்டம் போன்ற துறையினருக்கு 2,00,000 டொலர், பெற்றோருக்குப் பிள்ளையொன்றுக்கு 65,000 டொலர் என எல்லை கட்டுகின்றது. வருமானத்துக்கேற்ப இறுக்கும் புதிய திட்டம் முப்பதாண்டு வரை நீளும். முன்னைய திட்டங்களில் வருமானமற்றோர் எதுவும் செலுத்தாதிருக்க முடிந்தது, இங்கோ மாதம் 10 டொலராயினும் கட்டவேண்டும். கடனைக் கண்டிக்கும் நாம் கடனுக்கு எல்லை கட்டுவதை வரவேற்கவேண்டாமா என்று கேட்கலாம். கொடையைப் பெருக்கிக் கடனைக் குறைத்தால் வரவேற்போம். கொடை அங்கேயே நிற்க, அரசின் கடன் வாயிலை மாத்திரம் அடைத்தால், வறியவன் போகுமிடம் இரண்டே: தனியார் வட்டிக்கடை, அல்லது வீடு.

எமது கருத்துக்கு மாறான வாதங்களையும் எதிர்கொள்ளவேண்டும். கடன் இல்லையேல் கோடிக்கணக்கானோர் கல்லூரியையே கண்டிருக்கமாட்டார் என்பது ஒன்று. அது மெய்தான்; மூழ்குபவனுக்கு எறிந்த கயிற்றை நாம் பழிக்கவில்லை. கயிற்றுக்கு ஆயுள் முழுவதும் வாடகை கேட்பதையும், ஆற்றுக்குப் பாலம் போட மறுப்பதையுமே பழிக்கிறோம். உதவி கூடக்கூடக் கல்லூரிகள் கட்டணத்தைக் கூட்டும் என்று 1987 இல் ரேகனின் கல்வி அமைச்சர் பெனற் எழுதியது மற்றொன்று. இலாபக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அதிலே உண்மை உண்டு. ஆனால் அதிலிருந்து பெறவேண்டிய முடிவு உதவியை வெட்டுவதன்று. கட்டணத்தையே ஒழித்துக் கல்லூரியைப் பொதுச் சொத்தாக்குவது. கல்லூரி காணாத தொழிலாளியின் வரியாலே வருங்கால வைத்தியர் படிப்பதா என்பது மூன்றாவது. அந்த வைத்தியரிடம் அவர் வருமானத்துக்கேற்ற வரியை அறவிடுக என்பதே எமது மறுமொழி. அப்போது கல்லூரி காணாத தொழிலாளியின் பிள்ளையும் வைத்தியராகலாம்.

அமெரிக்காவின் கதையை நாம் பொழுதுபோக்குக்காக இங்கே விரிக்கவில்லை. அந்நாட்டுப் போர்வீரர் சட்டத்துக்கு மறுவருடம், 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி, இலங்கையிலே கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வியைக் கடமையாக அரசு ஏற்றது. மலையகத் தோட்டப் பாடசாலைகளை 1970கள் வரை அது புறத்தே நிறுத்தியதால் எமது நூலிலும் கறை உண்டு. எனினும் அச்சட்டத்தின் எழுத்திலே மாணாக்கன் கடனாளி அல்லன். 2017 இலே, அரசு சாராத நிறுவனங்களிற் பட்டம் பயில்வோருக்கென வட்டியில்லாக் கடன் திட்டமொன்று இங்கும் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக அனுமதி கிட்டாத பிள்ளைக்கு அது ஆறுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. 1965 இன் சட்டத்திலும் கடன் ஓரத்திலே, இலகுவான வட்டியோடு, ஆறுதலாகவே நுழைந்தது என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம். இனிமேல் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் நாம் பார்க்கவேண்டியது, பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கும் பணம் வளர்கிறதா, கடனுக்கு ஒதுக்கும் பணம் வளர்கிறதா என்பதையே.

மாணாக்கர்களே, சக ஆசிரியர்களே, சொற்களைக் காப்பது எமது தொழில். கடன் என்ற சொல்லை ஆட்சியாளர் உச்சரிக்கும்போதெல்லாம் அது எப்பொருளில் வருகின்றது, யார் கடன், யாருக்குக் கடன் என்று கேட்போம். கற்பிப்பது சமுதாயத்தின் கடன் என்று எமது பழம் பாட்டு கற்றுத்தந்தது. கற்றதற்காகக் கடன்படுவது மாணாக்கனின் விதி என்று எவர் வந்து கற்பித்தாலும், அந்தப் பாடத்தை எமது வகுப்பறைகளில் நாம் நடத்தப்போவதில்லை.